ஆரம்ப இருப்பு: பாறையின் வயதும் வழிமூலமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். திரையில் காட்டிய படங்கள் இங்கே இல்லை. அவை இல்லாமலும் புரியும்படி சில பத்திகளை விரித்திருக்கிறேன். கிளைக்கதைகள் பலவற்றைக் குறைத்திருக்கிறேன்.)



துறைக்கு வெளியே இருப்பவருக்கும் விளங்கவேண்டும், தமிழில் இருக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு இந்த மேடைக்கு அழைத்தார்கள். இரண்டாவது எளிது. முதலாவதற்காக, சொல்லவந்த பலவற்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நிலவியல் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கல்லுக்கு எத்தனை வயது?" என்பதுதான். நாங்களும் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவைக்கிறோம். ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியில் இன்னோர் எண்ணும் சேர்ந்தே கிடைக்கிறது. வயதைப் பெறுவதற்காகக் கழித்து ஒதுக்கப்பட்ட எண் அது. நெடுங்காலம் அதை ஒரு தொந்தரவாகவே பார்த்தார்கள். பாறை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அந்த ஒதுக்கிய எண்ணில்தான் இருக்கிறது என்பதும், கடந்த அறுபது ஆண்டுகளில் கண்டங்களின் வரலாறு பற்றி நாம் கற்றவற்றில் பெரும்பகுதி அதிலிருந்தே வந்தது என்பதும் என் வாதம். ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளம் இருக்காது.

1

முதலில் கணக்கின் அமைப்பு. சில அணுக்கள் நிலையில்லாதவை; தாமாகச் சிதைந்து வேறொரு தனிமமாகின்றன. பாறைகள் சந்திக்கக்கூடிய வெப்பமும் அழுத்தமும் அந்தச் சிதைவின் வேகத்தைப் பொருட்படுத்தத்தக்க அளவில் மாற்றுவதில்லை. ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 4,960 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் பழைய பாறைகளிலும் ருபிடியம் தீர்ந்துபோகாமல் இருக்கிறது.

ஒரு பாறையில் இன்று இருக்கும் ஸ்ட்ரான்சியம்-87-ஐ வங்கிக் கணக்கின் இன்றைய இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி கணக்கு தொடங்கிய நாளிலேயே இருந்தது. அது ஆரம்ப இருப்பு. மீதி, ருபிடியம் சிதைந்து காலப்போக்கில் வந்து சேர்ந்த வரவு. வரவு எவ்வளவு என்று தெரிந்தால் காலம் தெரியும். ஆனால் நம் கையில் இருப்பது இன்றைய இருப்பு ஒன்றே. எது பழையது, எது புதியது என்று அணுவின் நெற்றியில் எழுதியிருக்காது.

இந்தச் சிக்கலை ஒரு வரைபடம் தீர்த்தது. தென்னாப்பிரிக்காவின் நிக்கலாய்சன் 1961-இல் அதை முன்வைத்தார். ஒரே பாறைக்குழம்பிலிருந்து உறைந்த கனிமங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கிறோம். அப்பிரகம் ருபிடியத்தை ஏராளமாக உள்வாங்கும். பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் ஸ்ட்ரான்சியத்தை விரும்பும். ஆனால் உறைந்த கணத்தில் எல்லாவற்றிலும் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் ஸ்ட்ரான்சியம்-86-க்கும் இடையிலான விகிதம் ஒன்றுதான். ஒரே தனிமத்தின், நிறையில் மட்டும் வேறுபடும் இரு ஐசோடோப்புகளைப் படிகம் பிரித்துப்பார்ப்பதில்லை. பிறகு காலம் ஓட ஓட, அப்பிரகத்தில் விகிதம் விரைந்து ஏறும், ஃபெல்ட்ஸ்பாரில் மெல்ல ஏறும். ஸ்ட்ரான்சியம்-86-க்கு ருபிடியம்-87 எவ்வளவு என்பதைக் கிடை அச்சிலும் ஸ்ட்ரான்சியம் விகிதத்தைக் குத்து அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் நிற்கும். அதை ஐசோக்ரான் என்கிறோம். கோட்டின் சாய்வு வயது. சாய்வு 0.0077 என்றால் 55 கோடி ஆண்டு, 0.0354 என்றால் 250 கோடி. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் ருபிடியமே இல்லாத இடத்தில் குத்து அச்சை வெட்டும். அந்த வெட்டுத்துண்டுதான் ஆரம்ப இருப்பு.

சொல்வதற்கு எளிது. ருபிடியம்-87, ஸ்ட்ரான்சியம்-87 இரண்டுக்கும் நிறை ஏறக்குறைய ஒன்றே என்பதால் நிறை நிறமாலைமானியால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. எனவே கல்லைப் பொடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கி, இரண்டையும் முன்கூட்டியே பிரிக்கவேண்டும். மாணவர்கள் ஆய்வுக்காலத்தில் பாதியைக் கழிப்பது இந்தக் குழாய்களுக்கு முன்னால்தான். இயந்திரம் பிறகுதான் வரும்.

2

இந்தத் துறையின் தொடக்கத்தில் இலங்கைக் கல் ஒன்று இருக்கிறது. 1907-இல் யேல் பல்கலைக்கழகத்தின் போல்ட்வுட், யுரேனியம் உள்ள கனிமங்களில் ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து முதல் வயதுப் பட்டியலை வெளியிட்டார். 41 கோடி ஆண்டிலிருந்து 220 கோடி ஆண்டு வரை வயதுகள். பூமிக்கே சில கோடி ஆண்டுதான் என்று கெல்வின் பிரபு கணக்குச் சொல்லியிருந்த காலம் அது. பட்டியலில் மிக மூத்தது இலங்கையின் தோரியனைட். பின்னாளில் கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கைக் கனிம அளவாய்வின் தலைவராக இருந்தபோது, 1904-இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்த கனிமம் அது. அவருடைய முனைவர் பட்டம் நிலவியலில் என்பதைக் கலை மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

220 கோடி தவறு. அந்தக் கனிமங்களின் வயது 50 முதல் 55 கோடி ஆண்டுக்குள் என்று இன்று அறிவோம். நான்கு மடங்கு பிழை எங்கிருந்து வந்தது? தோரியமும் சிதைந்து ஈயமாகிறது. தோரியனைட்டில் யுரேனியத்தைவிடத் தோரியமே மிகுதி. தோரியம் ஈயத்தைத் தராது என்று போல்ட்வுட் கருதியதால், அது தந்த ஈயமெல்லாம் யுரேனியத்தின் வரவில் எழுதப்பட்டுவிட்டது. அவரைக் குறைசொல்ல இடமில்லை. ஐசோடோப்பு என்ற கருத்தே 1913-இல்தான் வேதியியலாளர் சோடியால் பெயரிடப்பட்டது. அதுவரை ஈயம் என்றால் ஈயம், அவ்வளவே.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவியதும் இலங்கைதான். 1914-இல் சோடியும் உடன் ஆய்வாளரும் இலங்கைத் தோரைட்டிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமானது என்று காட்டினார்கள். அதே ஆண்டு ஹார்வர்டில் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களிலிருந்து வந்த ஈயம் இலேசானது என்று காட்டினார். ஈயத்தின் எடையே அது எந்தத் தனிமத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டது. வயது கேட்கப் போனவர்களுக்குப் பிறப்பிடம் விடையாகக் கிடைத்த முதல் தருணம் என்று இதைத்தான் நான் குறிப்பேன். பிறகு 1930-களின் இறுதியில் மினசோட்டாவின் ஆல்ஃபிரட் நியர் தம் நிறமாலைமானியால் ஈயத்தின் ஐசோடோப்புகளைத் தனித்தனியே அளக்கத் தொடங்கியபோது துறை முறையான பாதைக்கு வந்தது.

3

பூமியின் வயதைக் கிளேர் பேட்டர்சன் கண்டுபிடித்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1956-இல் 455 கோடி ஆண்டு, கூட்டியோ குறைத்தோ 7 கோடி என்று எழுதினார். எழுபது ஆண்டாகியும் அந்த எண் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அவர் உண்மையில் எதைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் பார்ப்போம்.

யுரேனியத்தின் அரை ஆயுட்காலம் முன்பே தெரியும். ஈயத்தை அளக்கவும் தெரியும். தெரியாதது சூரியக் குடும்பம் தொடங்கியபோது ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்கள் என்னவாக இருந்தன என்பது. பூமிப் பாறைகளில் அதைத் தேட முடியாது. எல்லாம் பலமுறை உருகிக் கலந்தவை. அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில் ட்ராய்லைட் என்ற இரும்புச் சல்ஃபைடு இருக்கிறது. அதில் ஈயம் உண்டு. யுரேனியம் கிட்டத்தட்ட இல்லை. எனவே வரவு ஏதும் சேராமல், ஆரம்ப இருப்பு மட்டும் அங்கே தங்கியிருக்கிறது. 1953-இல் பேட்டர்சன் அளந்தது அதைத்தான். மற்ற விண்கற்களின் ஈயத்தை அதோடு சேர்த்து ஒரு கோட்டில் வைத்ததும் வயது வந்து விழுந்தது.

அதற்கு முன் அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது மாசு. ஆய்வகத்துத் தூசி, குழாய்த் தண்ணீர், அமிலப் புட்டி எல்லாவற்றிலும் தொழிற்சாலை ஈயம். மாதிரியில் இருப்பதைவிட அறையில் இருப்பது அதிகம். கால்டெக்கில் அவர் அமைத்த தூய அறைதான் இன்றைய ஐசோடோப்பு ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் முன்மாதிரி. அந்த மாசு பெட்ரோலில் கலந்த ஈயத்திலிருந்து வருகிறது என்பதை நிறுவ அவர் தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டார். அது வேறொரு சொற்பொழிவுக்கான பொருள்.

4

ஆரம்ப இருப்பே இல்லாத கணக்கு ஒன்று கிடைத்தால் வயது கணிப்பது எவ்வளவு எளிது! அப்படி ஒரு கனிமம் உண்டு. ஜிர்கான். வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும். ஈயத்தை ஏறத்தாழ முற்றிலும் வெளியே தள்ளிவிடும். ஆகவே பின்னாளில் அதனுள் காணும் ஈயம் எல்லாம் அங்கேயே பிறந்தது என்று கொள்ளலாம். மேலும் அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 ஈயம்-206 ஆவதற்கான அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆவதற்கு 70 கோடி. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால், இடையில் ஈயம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்த முரணிலிருந்தே இடைநிகழ்ச்சியின் காலத்தைக் கணிக்கும் வரைபடத்தை வெதரில் 1956-இல் தந்தார்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் படிவுப்பாறையில் கிடைத்த ஒரு ஜிர்கான் துணுக்கின் வயது 440 கோடி ஆண்டு. பூமியிலிருந்து நம் கைக்கு வந்த பொருள்களில் மிக மூத்தவற்றில் ஒன்று. அது படிகமான பாறை எப்போதோ அழிந்துவிட்டது. துணுக்கு மட்டும் மணலில் உருண்டு தப்பியது.

தப்பும் இந்தக் குணம்தான் ஜிர்கானின் சிக்கலும். பழைய ஜிர்கான் ஒன்று புதிய பாறைக்குழம்பில் விழுந்தாலும் கரையாமல், தன்னைச் சுற்றிப் புதிய ஓர் உறையை வளர்த்துக்கொள்ளும். முடியின் தடிமன் அளவே உள்ள ஒரு மணியில் மையத்துக்கு 250 கோடி, விளிம்புக்கு 55 கோடி என்று வயதுகள் வருவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. கான்பராவில் 1980 வாக்கில் உருவான ஷ்ரிம்ப் என்ற கருவி, அயனிக் கற்றையால் மணியின் ஒரு புள்ளியை மட்டும் சுரண்டி அளக்க வழி செய்தபின் இது சாத்தியமாயிற்று. எந்த எண் பாறையின் வயது? பாறை உருகியது எப்போது என்று கேட்டால் ஒரு விடை, கடைசியாகச் சுடப்பட்டது எப்போது என்று கேட்டால் வேறு விடை.

ஈயத்தின் ஆரம்ப இருப்பு இல்லாததால் ஜிர்கானின் ஈயம் பிறப்பிடம் பற்றிப் பேசாது. அந்தக் குறையை ஹாஃப்னியம் தீர்க்கிறது. ஜிர்கோனியத்தின் இரட்டைப்பிறவி போன்ற இந்தத் தனிமம் ஜிர்கானுக்குள் எளிதாக நுழையும். அதைத் தரும் லுட்டீசியமோ சொற்பமாகவே நுழையும். எனவே ஹாஃப்னியத்தின் ஆரம்ப இருப்பு ஜிர்கானில் அநேகமாக மாறாமல் உறைந்திருக்கிறது. ஒரே மணியின் ஒரே பகுதியில் ஈயத்தால் வயதையும் ஹாஃப்னியத்தால் மூலத்தையும் அளக்கலாம்.

5

என் வாதத்தின் நடுப்பகுதி இதுதான். சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பூமியின் மேலோடு, அதற்கு அடியிலுள்ள கவசத்திலிருந்து வந்தது. கவசம் ஓரளவு உருகும்போது ருபிடியம் உருகலோடு மேலே வந்துவிடும், ஸ்ட்ரான்சியம் அவ்வளவு தாராளமாக வராது. ஆகவே மேலோட்டில் ருபிடியத்தின் பங்கு கூடுதல். காலம் செல்லச்செல்ல அங்கே ஸ்ட்ரான்சியம்-87-இன் விகிதம் உயரும். இன்று கடலடியில் கவசத்திலிருந்து வரும் எரிமலைப்பாறைகளில் அது 0.7025 அருகே, பழைய கண்டப் பாறைகளில் 0.71, 0.72, அதற்கும் மேலே. ஒரே வயதுள்ள இரண்டு கிரானைட்டுகளில் ஒன்றின் வெட்டுத்துண்டு 0.703, மற்றதன் வெட்டுத்துண்டு 0.720 என்று வந்தால் முதலாவது கவசத்திலிருந்து புதிதாக வந்தது, இரண்டாவது பழைய கண்டமே மறுபடி உருகியது என்று சொல்லிவிடலாம்.

தென்னிந்தியா, இலங்கை போன்ற இடங்களில் இந்த முறை தடுமாறும். இங்குள்ள சார்னோக்கைட், கோண்டலைட் எல்லாம் மேலோட்டின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் வெந்தவை. அந்த வேக்காட்டில் ருபிடியம் வெளியேறிவிடும். கணக்குப் புத்தகத்தில் நடுப்பக்கங்கள் கிழிந்துபோனால் எப்படிக் கூட்டுவது?

இங்கேதான் சமாரியமும் நியோடிமியமும் வருகின்றன. சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகும். அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 10,600 கோடி ஆண்டு. இரண்டுமே அருமண் தனிமங்கள், குணத்தில் கிட்டத்தட்ட ஒன்று. பாறை வெந்தாலும் அரிக்கப்பட்டு மணலானாலும் இவற்றைப் பிரிப்பது கடினம். கவசம் உருகி மேலோடு பிறக்கும்போதுதான் இவற்றின் விகிதம் பெரிதாக மாறுகிறது. ஆகவே பின்னால் எத்தனை முறை பாறை உருமாறினாலும், அதன் பொருள் கவசத்தை விட்டுப் பிரிந்த காலத்தின் தடயம் அழியாது. 1976-இல் டிபவோலோவும் வாசர்பர்க்கும் நியோடிமியம்-143-க்கும் நியோடிமியம்-144-க்கும் இடையிலான விகிதத்தை விண்கல் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் எப்சிலான் முறையைக் கொண்டுவந்தார்கள். வேறுபாடு அவ்வளவு நுண்ணியது. விண்கற்களில் இன்று 0.51264, பழைய கண்டப் பாறைகளில் 0.511 அருகே. மூன்றாம் தசம இடத்தில்தான் கதையே தொடங்குகிறது.

இந்த விகிதத்தைப் பின்னோக்கி ஓட்டி, எந்தக் காலத்தில் அது கவசத்தின் விகிதத்தோடு பொருந்துகிறது என்று பார்த்தால் கிடைப்பது மாதிரி வயது. பாறை படிகமான காலத்தையோ வெந்த காலத்தையோ அது சொல்லாது. பாறையின் பொருள் மேலோட்டில் எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும்.

இப்போது இலங்கையை எடுத்துக்கொள்வோம். நடுவே மலைநாடு, குவார்ட்சைட், சலவைக்கல், கோண்டலைட் என்று கடற்படிவுகளிலிருந்து வந்த பாறைகள் நிறைந்த பகுதி. கிழக்கிலும் மேற்கிலும் நைஸ் பாறைகள் நிறைந்த தாழ்நிலம். விஜயன் தொகுதி என்று பெயரிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் உறவு என்ன என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. விஜயன்தான் அடித்தளம், அதன்மேல் மலைநாட்டுப் படிவுகள் விழுந்தன என்றது ஒரு தரப்பு. மலைநாட்டுப் பாறைகளே மாறிச் சிதைந்து விஜயன் ஆயின என்றது இன்னொரு தரப்பு. களத்தில் எல்லைகள் தெளிவாக இல்லை. வயதும் உதவவில்லை, தீவு முழுவதுமே 61 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டுக்குள், கோண்டுவானா கண்டங்கள் மோதிச் சேர்ந்தபோது வெந்தது. எங்கே அளந்தாலும் அந்த வேக்காட்டின் காலம் முந்திக்கொண்டு வரும்.

1988-இல் மிலிசெண்டா, லியூ, ஹாஃப்மன், குரோனர் ஆகியோர் தீவின் குறுக்கே மாதிரிகள் எடுத்து நியோடிமியத்தை அளந்தார்கள். மலைநாட்டுப் பாறைகளின் மாதிரி வயது 220 முதல் 300 கோடி ஆண்டு. இருபுறமும் 110 முதல் 200 கோடி. ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்த பாறைகள் இரண்டு வேறு மூலத்தைச் சேர்ந்தவை.

இரண்டு தரப்பும் ஒரே அடியில் விழுந்தன. விஜயனின் பொருள் மலைநாட்டின் பொருளைவிட இளையது. இளையது மூத்ததற்கு அடித்தளமாக முடியாது. மலைநாட்டுப் பாறை சிதைந்து விஜயன் ஆகியிருந்தால் அதன் பழைய நியோடிமியமும் கூடவே வந்திருக்கும், வரவில்லை. மேலும் கிழக்கும் மேற்கும் ஒன்றா என்ற கேள்வியும் எழுந்து, 1991-இல் மேற்குப் பகுதியை வன்னித் தொகுதி என்று தனியே பிரித்தார்கள். இன்று இலங்கை நிலவியல் படத்தில் நாம் காணும் பிரிவுகளுக்கு அடிப்படை, முதன்மையாக இந்த ஆரம்ப இருப்புக் கணக்குதான். கோடு போட்டது சுத்தியல் அல்ல, நிறமாலைமானி என்று சொன்னால் களப்பணியாளர்கள் கோபிப்பார்கள். எந்தப் பாறையை எடுக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அது இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தமிழகக் கரையிலும் இதே கணக்கு நடந்தது. பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்துக்கு வடக்கே, சேலம், நீலகிரிப் பகுதிகள் 250 கோடி ஆண்டுக்கு முன்பே வெந்து அடங்கிவிட்டன. தெற்கே மதுரைப் பகுதி 55 கோடி வாக்கில் வெந்தது. ஆனால் ஹாரிஸ், சந்தோஷ், டெய்லர் 1994-இல் வெளியிட்ட நியோடிமியக் கணக்குகளும் பிறகு வந்தவையும், தெற்கின் பல பாறைகளுடைய பொருள் 200 கோடிக்கும் மூத்தது என்று காட்டின. இளைய வேக்காடு, மூத்த பொருள். அச்சன்கோவில் மண்டலத்தில் மட்டும் மாதிரி வயது குறைகிறது. அதை வன்னித் தொகுதியோடும், திருவனந்தபுரம் பகுதியை இலங்கை மலைநாட்டோடும் இணைத்துப் படிப்பவர்கள் உண்டு. மன்னார் வளைகுடா அப்போது இல்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பொருத்தம் வியப்பளிக்காது. ஆனால் எந்த எல்லை எங்கே தொடர்கிறது என்பதில் கருத்தொற்றுமை வரவில்லை. மடகாஸ்கரையும் கிழக்கு அண்டார்டிகாவையும் அதே படத்தில் ஒட்டவேண்டியிருப்பதால் சிக்கல் இன்னும் பெரிது.

6

வயது எதையுமே பிரித்துக்காட்டாத இடம் ஒன்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். தக்காணத்து எரிமலைப்பாறைகள். 6.6 கோடி ஆண்டுக்கு முன், அவற்றின் பெரும்பகுதி சுமார் பத்து லட்சம் ஆண்டுக்குள் கொட்டித் தீர்ந்தது. அடுக்கடுக்கான பசால்ட் எல்லாம் கண்ணுக்கு ஒன்றே. வயதும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் ஆரம்ப ஸ்ட்ரான்சியம் விகிதத்தை அளந்தால் அம்பேனலி அடுக்கில் 0.704 அருகே வருகிறது. கீழே உள்ள புஷே அடுக்கில் 0.713-க்கும் மேலே. அம்பேனலி குழம்பு மேலோட்டை அதிகம் தீண்டாமல் வந்தது. புஷே குழம்பு வரும் வழியில் பழைய கண்டப் பாறையைத் தின்றுவிட்டு வந்தது.

இதைக் கொண்டு அடுக்குகளுக்கு அடையாளம் கொடுத்தபின் கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரம் அருகே உள்ள பசால்ட்டைப் பார்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலடுக்குகளோடு வேதியியலும் ஐசோடோப்பும் பொருந்தின. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடிவந்த குழம்பு என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். பூமியில் நமக்குத் தெரிந்த மிக நீண்ட குழம்பு ஓட்டங்களில் ஒன்று. வயது மட்டும் இருந்திருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை என்பதோடு நின்றிருப்போம்.

7

ஆரம்ப இருப்பை இவ்வளவு புகழ்ந்தபின் அது எங்கே நம்மை ஏமாற்றும் என்றும் சொல்லவேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியை எடுத்துக்கொள்வோம். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்தோசைட் அங்கே கிடைப்பதால், சந்திரயான்-2 சோதனைகளுக்காகச் செயற்கை நிலவு மண் தயாரிக்க இஸ்ரோ அங்கிருந்து கல் எடுத்தது, செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 1996-இல் சமாரியம்–நியோடிமியம் ஐசோக்ரான் அந்தப் பாறைகளுக்கு ஏறத்தாழ 290 கோடி ஆண்டு என்றது. 2013-இல் ஜிர்கான் வயது ஏறத்தாழ 254 கோடி என்று வந்தது. அவை உருமாறியது 246 கோடி வாக்கில். இடைவெளி நாற்பது கோடி ஆண்டுக்கு அருகில்; அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடக்கூடியது அல்ல.

ஐசோக்ரானுக்கு அடிப்படை நிபந்தனை, எல்லா மாதிரிகளும் ஒரே ஆரம்ப இருப்போடு தொடங்கியிருக்கவேண்டும் என்பது. கவசத்திலிருந்து வந்த குழம்பு வழியில் பழைய மேலோட்டைச் சிறிது சிறிதாகக் கலந்துகொண்டால், ஒவ்வொரு மாதிரியும் வேறுவேறு இருப்போடு தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பொருள்களின் கலவையும் அந்த வரைபடத்தில் நேர்கோடாகவே நிற்கும். கோடு அழகாக இருக்கும், சாய்வும் கிடைக்கும், அந்தச் சாய்வுக்கு எந்த நிகழ்ச்சியும் சொந்தமாக இருக்காது. இத்தகைய இடங்களில் நான் ஜிர்கானின் பக்கம் நிற்கிறேன். ஆனால் மூத்த ஐசோக்ரான் எண்ணை எறிந்துவிடச் சொல்லமாட்டேன். எது எதோடு கலந்தது என்று தேடத் தூண்டும் தடயமாக அதைப் படிக்கலாம்.

மாதிரி வயதுக்கும் இதே எச்சரிக்கை. 300 கோடி ஆண்டுப் பொருளும் 100 கோடி ஆண்டுப் பொருளும் கலந்த பாறையின் மாதிரி வயது 180 கோடி என்று வரலாம். 180 கோடி ஆண்டுக்கு முன் அங்கே எதுவுமே நடந்திருக்காது. விஜயன் தொகுதியின் 110 முதல் 200 கோடி வரையான பரந்த வீச்சிலும் இப்படிப்பட்ட கலப்புக்கு இடமுண்டு. அதைப் பிரித்தறிய ஒவ்வொரு பாறையின் ஜிர்கான் மையங்களையும் ஹாஃப்னியத்தையும் தனித்தனியே அளக்கவேண்டும். பல குழுக்கள் அதைத்தான் செய்துவருகின்றன.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. தென்னிந்தியப் பாறைகளுக்கு 1960-களிலும் 70-களிலும் அளந்த ருபிடியம்–ஸ்ட்ரான்சியம் வயதுகள் பழைய இதழ்களில் நிறைய இருக்கின்றன. அவற்றை அப்படியே மேற்கோள் காட்டிவிடாதீர்கள். ருபிடியத்தின் சிதைவு மாறிலி அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1977 முதல் நெடுநாள் வழக்கில் இருந்த மதிப்பை இன்றைய மதிப்போடு ஒப்பிட்டாலே வயது ஏறத்தாழ 1.6 விழுக்காடு நகர்கிறது. அந்த மதிப்பைக் கொண்டு 250 கோடி என்று அச்சிட்டது இன்று 254 கோடி. கட்டுரையில் எந்த மாறிலி என்று அடிக்குறிப்பில் தேடி, மறுபடி கணக்கிடவேண்டும். வெட்டுத்துண்டுக்கு இந்த வேலை இல்லை. அது வரைபடத்தில் கோடு அச்சை வெட்டும் இடம். சிதைவு மாறிலி அந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. அந்த ஆய்வகம் தன் திட்டமாதிரிக்கு என்ன விகிதம் அளந்தது என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டு, 1969-இல் அச்சான ஆரம்ப விகிதத்தையும் இன்றைய உங்கள் அட்டவணையில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.